சந்தனம் வைத்த விமானம்

ஓடுபாதையில் பாதி தாண்டியும் ஏர்ஸ்பீடு முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. கேப்டன் ராகவன் மீட்டர் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். பயனில்லை. பிரேக் போடலாம் என்றால் எதிரே கண்மாய்க் கரை நெருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் ஸ்டிக்கை இழுத்தார். கரைமேல் நின்ற பனைமரங்களை உரசாத குறையாக ஏறினோம். பக்கத்து சீட்டில் இருந்தவன் நான். சம்பளத்துக்கு மெக்கானிக், அந்த நிமிடத்தில் வெறும் சுமை.

எழுபதுகளில் பருத்திக்கு மருந்து தெளிக்கும் விமானக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். டி. கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் எங்களுக்காக ஒரு ஓடுபாதை சமன் செய்திருந்தார்கள். மருந்து ஏற்றும் முன், கரண்டு கம்பி எங்கே போகிறது, மரம் எங்கே நிற்கிறது என்று மேலிருந்து ஒரு சுற்றுப் பார்த்துவருவது வழக்கம். அதற்குத்தான் கிளம்பினோம்.

ஸ்பீடு தெரியாமல் ஏறிவிடலாம். இறங்குவதுதான் பாடு. வேகம் குறைந்தால் சின்ன விமானம் பொத்தென்று விழும். கூடினால் அந்தக் குட்டைப் பாதையில் நிற்காது. கேப்டன் சாதாரணமாக ஒரு ஸ்பேனர் கீழே விழுந்தாலே என் பரம்பரையைத் திட்டுகிறவர். அன்று திட்டவில்லை. நான் பெல்ட்டை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"முள்ளப் பாக்காத. ஆர்.பி.எம். எம்புட்டுன்னு மட்டும் சொல்லிக்கிட்டே வா" என்றார்.

எஞ்சின் சுற்று எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் எஞ்சின் சத்தத்தையும் விமானத்தின் மூக்கு நிற்கும் சாய்வையும் வைத்தே வேகத்தைக் கணித்தார். முதல் தடவை உயரம் அதிகம் என்று மறுபடி ஏற்றினார். அடுத்த தடவை தரையில் மோதி, எகிறி, பாதையின் கடைசியில் புழுதியோடு நின்றோம்.

இறங்கி இறக்கைக்கு அடியில் பார்த்தேன். அங்கே பென்சில் கனத்தில் ஒரு குழாய் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். பிட்டாட் டியூப் என்போம். அதன் ஓட்டைக்குள் காற்று புகுந்தால்தான் மீட்டரில் முள் ஏறும். ஓட்டை நிறையச் சந்தனம். அதன்மேல் அழகாகக் குங்குமம்.

சோதனையெல்லாம் முடித்துவிட்டு, பருத்திக் காட்டுக்காரர் முத்தையா கொடுத்தனுப்பிய மோரைக் குடிக்க வேப்பமரத்தடிக்குப் போயிருந்தோம். அதற்குள் புது டிராக்டருக்குச் செய்வதுபோல விமானத்துக்கும் பூஜை நடந்துவிட்டது. மூக்கிலும் சக்கரத்திலும் பொட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் ஏறினோம். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் சூடம் கொளுத்தாமல் விட்டது எங்கள் பூர்வபுண்ணியம்.

நான் கம்பியால் சந்தனத்தை நோண்டுவதைப் பார்த்து முத்தையாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மனிதருக்கு முகம் செத்துப்போனது.

"நாந்தான் தம்பி வச்சேன். அம்புட்டுக்கும் வச்சுட்டு இதை மட்டும் விட்டுறக் கூடாதேன்னு..." என்றார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. எங்கள் நன்மைக்கென்று வைத்த பொட்டு அது.

"வச்சது தப்பில்லைங்க. வச்ச இடந்தான் தப்பு" என்றார் கேப்டன்.

அந்த ஓட்டையிலிருந்து மீட்டருக்கு வரும் குழாயை மீட்டர் பக்கம் கழற்றி, அங்கிருந்து வெளியே ஊதிச் சுத்தம் செய்து மாட்டினேன். மீண்டும் பறந்து பார்த்தால்தான் சரியா இல்லையா என்று தெரியும். கேப்டன் ஏறப் போனபோது முத்தையா முன்னால் வந்து நின்றார்.

"சார், இந்தத் தடவை நானும் வாரேன்."

எதற்கு என்று கேட்டார் கேப்டன்.

"நான் வச்ச பொட்டு. உள்ள ஏதாச்சும் மிச்சம் இருந்தா நீங்க மட்டும் ஏன் சாகணும்?"

கம்பெனி விதிப்படி அது கூடாது. ஆனாலும் கேப்டன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் சீட்டை முத்தையாவுக்கு விட்டுக்கொடுத்து பெல்ட்டை மாட்டிவிட்டேன்.

விமானம் புழுதி கிளப்பி ஓடத் தொடங்கியதும் முத்தையாவின் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றார். சேலை முந்தானையை வாயில் வைத்திருந்தார். மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, நல்லாத் துடைச்சுட்டீகளா?"

நன்றாகத்தான் துடைத்திருந்தேன். ஆனாலும் ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. முள் ஏறிவிட்டது என்று கேப்டன் இறக்கையை ஆட்டிக் காட்டும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. உள்ளே உட்கார்ந்திருந்தபோதுகூட அவ்வளவு பயப்படவில்லை.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சோதனை முடித்த விமானத்தை விட்டு நகராதீர்கள். நகர்ந்தால் திரும்ப முதலிலிருந்து பாருங்கள். பார்த்து முடித்ததும், பறக்கப்போகிறவனின் வீட்டுக்காரி பக்கத்தில் நின்று கேட்டால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியுமா என்று யோசியுங்கள். முடியாவிட்டால் கதவைத் திறந்து அவனைக் கீழே இறக்குங்கள்.