விற்பவரின் கதிரை

எங்கள் கந்தோரில் இருந்த பிரம்புக் கதிரைக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. முன்பக்கத்து வலது கால். அதில் இருப்பவர் அசையாமல் இருந்தால் ஒன்றுமில்லை. உடம்பைச் சற்றே சரித்தால் போதும், சீமெந்துத் தரையில் ‘டொக்’ என்று கேட்கும். உள்துறைமுகத்தின் வெளிச்சம் நேரே முகத்தில் விழும்படி யன்னலுக்கு எதிரே அதைப் போட்டிருப்பார்கள். வீடு வாங்க வருபவருக்கு அந்தக் கதிரை இல்லை. அவருக்கு மேசையோரம் நல்ல மரக் கதிரை ஒன்று உண்டு. பிரம்புக் கதிரை வீடு விற்க வருபவருக்கு மட்டும்தான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே, “ஐயா, அந்தக் கால் ஆடுது, தச்சனைக் கூப்பிடட்டா?” என்று கேட்டுவிட்டேன். நொத்தாரிசு ஐயா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, “விசரே பிள்ளை? இஞ்ச சம்பளமில்லாமல் வேலை செய்யிறது அது ஒண்டுதான்” என்றார்.

அவர் காணி, வீடு உறுதிப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசு. நான் அவருக்கு டைப் அடிப்பவள். ஓர்ஸ் ஹில் சரிவில், இரண்டு அறையுள்ள கந்தோர். இருபது வருடம் அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். குச்சவெளியிலிருந்தும் மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். உறுதி எழுதத்தான் வருவார்கள். ஆனால் ஐயாவின் கதையைக் கேட்காமல் ஒருவரும் போக முடியாது. “வீடு பாக்கிறதெண்டால் மாரியிலை ஒருக்காப் போங்கோ, ஆவணியிலை ஒருக்காப் போங்கோ. மாரியிலை கூரை கதை சொல்லும், ஆவணியிலை கிணறு கதை சொல்லும்” என்பார். துறைமுகக் கரைக் கிணறுகள் வெயில் காலத்தில் உவர்ப்பது எங்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் வீடு வாங்குகிற சந்தோசத்தில் எவன் தண்ணீரைக் குடித்துப் பார்க்கிறான்? பெற்றோருக்குச் சீவிய உரித்து எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்க வந்த ஒருவரிடம், “அவையள் சாகுமட்டும் அந்த வீட்டிலை இருக்கலாம் எண்டு எழுதிக் கிடக்கு. வீட்டோடை ஒரு கிழவனையும் கிழவியையும் சேர்த்து வாங்கப் போறீங்களோ?” என்று கேட்டார். அந்த மனிதர் வந்த வழியே திரும்பிவிட்டார்.

விற்பவர்களையும் விடமாட்டார். “கிணறு உவரெண்டால் உவரெண்டு சொல்லிப்போட்டு வில்லுங்கோ. சொன்ன குறைக்கு ஒருத்தனும் வழக்குப் போடான்.” புதிதாக வெள்ளையடித்த வீட்டைக் கண்டால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். முழுக்க அடித்திருந்தால் பரவாயில்லை. ஓரிடத்தில் மட்டும் அடித்திருந்தால், அந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேட்கச் சொல்வார். அரை மட்டத்துக்கு அடித்திருந்தால் வெள்ளம் வந்த வீடு. ஒரு மூலையில் மட்டும் அடித்திருந்தால் கறையான். இதை எத்தனை பேருக்குச் சொன்னாரோ, அத்தனை தடவையும் டைப் மெசினுக்குப் பின்னால் இருந்து நானும் கேட்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு, ஏதோ மறந்துபோனதை ஞாபகப்படுத்திக்கொள்வதுபோல, பிரம்புக் கதிரைப் பக்கம் திரும்புவார். “அது சரி, ஏன் விக்கிறீங்கள்?” அவ்வளவுதான். மகளின் சீதனத்துக்கு என்பார்கள், இடமாற்றம் என்பார்கள், தம்பியோடு சண்டை என்பார்கள். உண்மை சொல்பவர் சத்தமில்லாமல் இருப்பார். மற்றவருக்கு டொக். ஐயா வாங்க வந்தவரைப் பார்ப்பார். அதோடு அவர் வேலை முடிந்தது. எழுபதுகளின் கடைசியில் ஒரு புதுப் பதில் வரத் தொடங்கியது. “பிள்ளையளோடை போய் இருக்கப் போறம்.” முதலில் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. பிறகு ஒருநாள் ஐயா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “ஒரு ஒழுங்கையிலை மூண்டு பேர் இதையே சொன்னால் அந்த ஒழுங்கையிலை வீடு வாங்கப்படாது பிள்ளை. பிள்ளையளிலை ஆசை வந்து போகேல்லை அவை.” பிறகு எதிலிருந்து போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. வாய்விட்டுச் சொன்னால் வந்துவிடும் என்பதுபோல ஒருவரும் சொல்லவில்லை.

எனக்கோ வீடு என்றால் ஒரே ஒரு ஆசைதான். அப்பா கப்பல் பழுதுபார்க்கும் டொக்யார்ட்டில் பிற்றராக இருந்தவர். வெள்ளைக்காரன் கப்பல்களைக் கொண்டுபோனபோது அவருடைய வேலையும் போனது, இருந்த குவார்ட்டர்சும் போனது. அதற்குப் பிறகு எட்டு வாடகை வீடு. எட்டிலும் வீட்டுக்காரர் முதலில் சொன்னது ஒன்றுதான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இரும்போடு வாழ்ந்த மனிதரிடம் அதைச் சொன்னால் எப்படி இருக்கும்? கலண்டரை யன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிடுவார். அம்மாவின் படத்தை, அவ செத்துப் பதினொரு வருடம், அலுமாரிக்கு மேல் சாய்த்து வைத்திருந்தார். அது இரண்டு நாளைக்கு ஒருமுறை சரிந்து விழும். நான் கலியாணம் கட்டவில்லை. அப்பா ஒரு சொந்தச் சுவரில் ஆணி அடிப்பதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றையும் நான் பெரிதாக ஆசைப்படவில்லை.

எண்பத்திரண்டு ஆவணியில், ஐயா தன் வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார். கந்தோருக்குக் கீழே, அதே சரிவில், ஒரு ஒழுங்கையின் மூன்றாவது வீடு. “நீர் எடுக்கிறீரோ பிள்ளை?” என்றார். அவர் வீட்டுக் கிணறு ஆவணியிலும் தித்திக்கும். குசினி ஓடு ஒன்றுகூட உடையவில்லை. நான் கேட்காமலே விலையைக் குறைத்தார், அவர் குணம் அப்படி என்று நினைத்தேன். வாசல் கேற்றின் வலது தூணுக்கு மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. அதையும் கண்டேன். எவ்வளவு துப்புரவான மனிதர் என்று அப்பாவிடம் சொன்னேன்! அந்த ஒழுங்கையில் அதே வருடம் இரண்டு வீடு கைமாறியிருந்தது. இரண்டு உறுதியையும் அடித்தவள் நான். இரண்டு பேரும் பிள்ளையளோடை போய் இருக்கப் போனவர்கள்.

தன் வீட்டு உறுதிக்குத் தானே நொத்தாரிசாக இருக்க ஏலாது என்பதால், அவருக்குத் தெரிந்த இளம் நொத்தாரிசு ஒருவர் எங்கள் கந்தோருக்கே வந்தார். உறுதியை நான்தான் அடித்தேன். சாட்சிகள் இரண்டு பேரும் வந்த பிறகு, ஒருவரும் சொல்லாமலே ஐயா எழும்பிப்போய் அந்தப் பிரம்புக் கதிரையில் இருந்தார். யன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. பேனாவைக் கையில் எடுத்தவர் உடனே கையெழுத்து வைக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். அவர் இன்னும் பார்த்தார். ஊரிலுள்ளவர்களிடமெல்லாம் அவர் கேட்ட கேள்வி, இருபது வருடம் என் காதில் விழுந்த கேள்வி, எனக்கு வாயில் வரவில்லை. வரவில்லை என்றுகூடச் சொல்ல ஏலாது. ஐயாவைப் பார்த்து அதைக் கேட்பதா? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. பிறகு அவர் குனிந்து கையெழுத்து வைத்தார். கதிரை ஒரு சத்தமும் போடவில்லை.

அடுத்த மாதம் லண்டனில் இருந்த மகனிடம் போய்விட்டார். கந்தோரை மூடும்போது பிரம்புக் கதிரையை எனக்குத் தந்தார். அப்பா புது வீட்டில் முதல் நாள் முழுக்க ஆணி அடித்தார். அம்மாவின் படத்துக்கு ஒன்று, கலண்டருக்கு ஒன்று, குடைக்கு ஒன்று, ஒன்றுக்குமில்லாமல் ஏழெட்டு. “இனி எவன் எங்களை எழும்பச் சொல்லுவான்?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

கார்த்திகை மழையில் கேற்றுத் தூணின் சுண்ணாம்பு கழுவுண்டு போனது. கீழே தாரால் குறுக்கே இரண்டு கோடிழுத்த ஒரு புள்ளடி, ஒரு முழ உயரம். பழைய தார், நன்றாகச் சுவறிப்போயிருந்தது. ஒழுங்கையில் நடந்து பார்த்தேன். விற்றுப்போன மற்ற இரண்டு வீட்டுத் தூண்களிலும் கரைந்த சுண்ணாம்புக்குள்ளால் அதே புள்ளடி தெரிந்தது. அப்பா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். மங்கியது, போகவில்லை. நான் லண்டனுக்குக் கடிதம் எழுதினேன். ஐயா, தூணில் என்ன இருந்தது? இரண்டு மாதம் கழித்து வந்த பதிலில் சுகம் விசாரித்திருந்தார், குளிரைப் பற்றி எழுதியிருந்தார். கடைசி வரி இது: “நீர் கேட்பீர் என்று இருந்தனான்.”

கேட்பேன் என்று இருந்தாராம்! அவருக்கு வாய் இல்லையா? அந்தக் கடிதத்தைக் கிழித்துக் குசினி அடுப்பில் போட்டேன். அப்பாவிடம், நாங்களும் சுண்ணாம்பு பூசிவிட்டு விற்றுவிடலாமா என்று கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் கேட்டேன். “பூசிப்போட்டு ஆரின்ரை தலையிலை கட்டப் போறாய்?” என்றார். பிறகு சுவரைத் தடவிக்கொண்டு, “ஆணி அடிச்சாச்சு பிள்ளை” என்றார். பங்குனியில் கதிரையின் பிரம்பு அறுந்தது. பின்னுவதற்குக் கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் பெரியவர், நானா என்போம், அவரிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கும் அங்கே இங்கே போய்வரப் பயம், அதனால் சுணங்கியது.

எண்பத்து மூன்று ஆடி. மத்தியானச் சோறு தின்றுகொண்டிருந்தோம். சந்திப் பக்கம் புகை எழும்பியது, புள்ளடி போட்ட தமிழ் வீடுகளைக் கொளுத்திக்கொண்டு வருகிறார்கள் என்று யாரோ கத்தினார். ஒழுங்கை முழுவதும் பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. நாங்களும் ஓடினோம். பாதி வழியில் அப்பா நின்றார். “உறுதி அலுமாரிக்கை கிடக்கு” என்றார். கையை இழுத்தேன், உதறிவிட்டுத் திரும்பி ஓடினார். அறுபத்தெட்டு வயதில் அப்படி ஓடினார். “அப்பா, பிரதி இருக்கு! காணிக் கந்தோரிலை பிரதி இருக்கு!” என்று கத்தினேன். அது எனக்குத் தெரியும், நான்தானே அடித்தேன், நான்தானே பதிவுக்கு அனுப்பினேன். அவர் கையை உயர்த்திக் காட்டினார். கேட்டுத்தான் காட்டினாரா, என்னைப் போகச் சொல்லிக் காட்டினாரா, தெரியாது. அவரை நான் பிறகு காணவில்லை. வீட்டில் சுவர்கள் நின்றன. சுவர்களில் ஆணிகள் இருந்தன.

இரண்டு மாதத்துக்குப் பிறகு, நான் ஒரு அறை வாடகைக்கு எடுத்திருந்த இடத்தைத் தேடிப் பிடித்து, கிண்ணியா நானா கதிரையைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். “தங்கச்சி, இதுதான் மிச்சம்” என்று இறக்கி வைத்தார். காலையும் சரிபண்ணித் தரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் படியில் இருந்து அழுதார், எனக்கு அழுகை வரவில்லை.

வருடங்கள் போயின. வீடு எரிந்த வளவைச் சும்மா ஏன் வைத்திருக்கிறாய், வில் என்று எல்லோரும் சொன்னார்கள். போன மாசியில் திரியாய்ப் பக்கத்துப் பிள்ளை ஒன்று வந்தது. பள்ளிக்கூட ரீச்சர், வாடகை அறையில் தாயோடு இருக்கிறாளாம். எரிந்த வீடு என்று தெரியும், இந்த ஊரில் எரியாத வீடு எத்தனை என்றாள். தூணில் இருந்ததும் அப்பா போனதும் அவளுக்குத் தெரியாது. என் அறையில் இருந்த ஒரு மரக் கதிரையை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் மற்றதில் இருந்தேன். இருந்த பிறகுதான் எதில் இருக்கிறேன் என்று கண்டேன். “அன்ரி, நீங்கள் நொத்தாரிசிட்டை வேலை செய்தனீங்களாம். அப்ப எல்லாம் சரியாத்தானே இருக்கும். நான் ஒண்டும் கேக்கேல்லை” என்றாள்.

டொக்.

எனக்குச் சொல்லத்தான் விருப்பம். தூணில் புள்ளடி இன்னும் கிடக்கிறது, இந்த ஊர் இன்னும் ஆறவில்லை என்று சொல்ல வேண்டும். ஒருவரும் கேட்காமல் அது வாயை விட்டு வெளியே வராது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. “ஏன் விக்கிறன் எண்டு கேளும் பிள்ளை” என்றேன். அவள் சிரித்தாள். “என்னண்டு அன்ரி உங்களிட்டைப் போய்...” “கேளும்!” கத்திவிட்டேன். அவள் பயந்துபோய், “சரி அன்ரி, ஏன் விக்கிறீங்கள்?” என்றாள். என் நாக்கு நுனிக்கு வந்தது இதுதான்: பிள்ளையளோடை போய் இருக்கப் போறன். எனக்குப் பிள்ளையாவது குட்டியாவது! அதை விழுங்கிவிட்டு, தூணிலிருந்து தொடங்கி அப்பா வரைக்கும் சொன்னேன். தேத்தண்ணி ஆறிப்போனது. அவள் வளவு வேண்டாம் என்று சொல்லவில்லை, அம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றுதான் சொன்னாள். பிறகு வரவில்லை. வளவு இன்னும் என் பேரில் கிடக்கிறது.

அவள் போன பிறகு, ஐயா அன்றைக்கு இருந்ததுபோல யன்னலைப் பார்த்துக்கொண்டு, சத்தம் வராமல் அந்தக் கதிரையில் இருந்து பார்த்தேன். வலது பாதத்தைத் தரையில் ஊன்றி, முழங்காலால் கதிரையின் அந்தக் குட்டைக் காலை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் முடியும். கொஞ்ச நேரத்தில் தொடை நடுங்கத் தொடங்கியது. எவ்வளவு நேரம் அவர் அப்படி இருந்திருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன். எனக்கு ஏலாமல் போனது.