போதும் என்றவருக்கு இன்னொரு கிளாஸ்

பியர்க் கடையில் குடிக்கிறவருக்கு அடுத்தநாள்தான் தலையிடி, கொண்டுபோய் வைக்கிறவருக்கு அன்றைக்கே. கடை திறக்கமுதல் கிளாஸ்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டு, இடைக்கிடை கையை ஏப்ரனில் ஒற்றிவிட்டு, போனில் ஒற்றை விரலால் இதைத் தட்டுறன். எங்கேயாவது தட்டு ஏந்தின ஆட்களுக்கு என் பாடு விளங்கும்.

லண்டனில் இருக்கிற ஜேர்மன் பியர்க் கடை இது. மனேஜர் பிறந்தது இங்கே குரோய்டனில், ஆனால் ஜேர்மன்காரர் மாதிரித் தோலில் தைத்த கட்டைக் காற்சட்டையோடுதான் நிற்பார். பகல் ஷிப்ட் முடிய, மகளை நேர்சரியிலிருந்து கூட்டிவர நேரம் சரியாக இருக்கும். இது போனால் ஹவுன்ஸ்லோவில் இரவுத் துப்புரவு வேலைதான், பிள்ளையை நித்திரையில் மட்டும் பார்க்கலாம். அதனால் ட்ரையல் மாதத்தை எப்படியாவது தாண்டவேணும் என்று இருந்தேன்.

பாண் கடை

மாமி மன்னார்க் கத்தோலிக்கம். ஞாயிறுப் பூசை தவறவிடமாட்டா. மருமகளுக்குப் பியர்க் கடையில் வேலை என்றதும் ஜெபமாலையைக் கையில் எடுத்தா. மனேஜர் சொன்ன கதையைப் பயந்து பயந்து சொன்னேன். முந்தி ஜேர்மனியில் துறவிகள் தபசுகாலத்தில் ஒருசந்தி இருக்கும்போது, பசி தாங்கத் தடித்த பியர் காய்ச்சிக் குடிப்பார்களாம், பிரெட்டுக்குப் பதில் என்றபடியால் அதைக் குடிக்கிற பாண் என்பார்களாம். மாமியின் முகம் தெளிந்தது.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் ஒரு அன்ரி என்னைப் பிடித்து, பாண் கடையில்தானே வேலையாம், திருநாளுக்குப் பணிஸ் போட்டுத்தர ஏலுமோ என்று கேட்டா. நான் மாமியைப் பார்த்தேன். மாமி நிலத்தைப் பார்த்தபடி சொன்னா: "நான் பொய் சொல்லேல்லை பிள்ளை. சாமிமார் பாண் எண்டால் அது பாண்தான்."

நுரை

ஜேர்மன் பியருக்கு மேலே நல்ல தடிப்பாக நுரை நிற்கவேணும், அதுதான் வாசத்தைப் பிடித்துவைக்கும். கிளாஸில் எண்ணெய் பட்டால் நுரை விழுந்துவிடும் என்று வேலை நாட்களில் நான் தலைக்கு எண்ணெய் வைப்பதையே விட்டுவிட்டேன்.

இந்த ஊர் ஆட்களுக்கோ விளிம்புவரை பியர் வேணும். ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, காற்றையோ விற்கிறீர்கள் என்று கேட்டார். மனேஜர் பக்கத்தில் இருந்து, ஐநூறு வருசத்துக்கு முந்தின ஜேர்மனியின் பவேரியாவில் தொடங்கினார். பார்லி, தண்ணி, ஹொப்ஸ் என்ற கைப்புப் பூ, வேறொன்றும் போடக்கூடாது என்று அங்கே சட்டமே போட்டார்களாம். தாத்தா முழுக்கக் கேட்டார். பிறகு என்னிடம் கரண்டி ஒன்று வாங்கி, நுரையை மட்டும் வழித்து வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்: "சட்டத்தில பிஸ்கட்டுக்கு இடமிருக்கோ?"

நாடி

கிளாஸை முட்டும்போது கண்ணைப் பார்த்து "புரோஸ்ற்" சொல்லாவிட்டால் ஏழு வருசம் கெட்ட காலம் என்று ஜேர்மன்காரர் சொல்வார்கள். மனேஜர் அதை எங்களுக்கும் சட்டமாக்கினார், பியர் வைக்கிறவரும் கண்ணைப் பார்க்கவேணுமாம். நான் படித்த கொஞ்சக் காலத்தில் ரீச்சரின் கண்ணையே பார்த்ததில்லை. அதனால் ஆட்களின் நாடியை, அதுதான் தாடையை, பார்த்துச் சொல்லப் பழகினேன். தாடிக்காரர் வந்தால் கொஞ்சம் சுகம்.

வெள்ளிக்கிழமை மனேஜர் பிடித்துவிட்டார். நாளைக்கும் நாடியைப் பார்த்தால் வேறு வேலை தேடு என்றார். அப்டன் பார்க்கில் இருந்து குசினி வேலைக்கு வருகிற குஜராத்தி அக்கா ஆறுதல் சொன்னா: "ஒரு கண்ணைப் பார்த்தால் போதும். மற்றது தன்பாட்டில வரும்."

மட்டை

சனிக்கிழமை ஜேர்மனியின் கொலோன் நகரத்து ஐயாமார் நாலுபேர் வந்தார்கள். அவர்களுடைய ஊர்ப் பியர் சின்னக் கிளாஸில்தான். காலியானால் கேளாமலே அடுத்ததை வைத்துக்கொண்டு போகவேணும். போதும் என்றால், கிளாஸுக்குக் கீழே வைக்கிற பியர் மட்டையால் கிளாஸை மூடுவார்கள்.

எனக்கு இது புதிதில்லை. எங்கள் வீடுகளில் சோற்றுக் கோப்பைக்கு மேலே கையை விரித்துப் போதும் என்பார்கள், நாங்கள் விரலுக்கிடையால் இன்னும் ஒரு கரண்டி சோறு போடுவோம். முதல்தரம் சொல்கிற "போதும்" மரியாதைக்குச் சொல்வது. நாலுபேரில் பெரிய ஐயா மட்டையை வைத்தார். நான் அதை எடுத்துவிட்டு இன்னொன்று வைத்தேன். பாவம், குடித்தார். திரும்ப மூடினார், திரும்ப எடுத்தேன். முதலில் சிரித்த மற்றவர்கள் சிரிப்பதை நிற்பாட்டிவிட்டார்கள். கடைசியில் இரண்டு கையாலும் கிளாஸைப் பொத்தினார்.

எங்கள் வழக்கத்தில் இரண்டு கை என்றால்தான் மெய்யோ, பொய்யோ என்று முகத்தைப் பார்க்கவேணும். குனிந்து பார்த்தேன். இரண்டு கண்ணும் நீலம், இரண்டிலும் தண்ணீர். உண்மையாகவே போதும். கண்ணை எடுக்காமல் "புரோஸ்ற்" என்றேன்.

மனேஜர் பின்னால் நின்று கைதட்டினார். நான் கண்ணைப் பார்த்ததை மட்டும்தான் அவர் கண்டவர். இந்தப் பிள்ளை எப்படி, வேலைக்கு வைத்திருக்கலாமோ என்று ஐயாவிடம் கேட்டார். ஐயா மேசையைப் பிடித்து மெல்ல எழும்பினார்: "என்ர அம்மாவும் இப்பிடி ஊட்டித் தீத்தினதில்லை. இவவை வேலையால நிப்பாட்டாதேங்கோ, எங்கட மேசைக்கு மட்டும் விடாதேங்கோ."

ஆக, இந்தத் தொழிலில் நான் கண்டது என்னவென்றால், போதும் என்கிறவரின் கண்ணைப் பார்க்கிற துணிவு மட்டும் ஒருத்திக்கு வந்துவிட்டால், பொறுங்கோ, மனேஜர் கூப்பிடுறார், கதவு திறந்தாச்சாம், அந்தக் கொலோன் ஐயா வாசலிலேயே மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாராம்...