காத்து சார் காருக்கு மூச்சு கொடுத்த கதை

பத்து மாடி அலுவலகக் கட்டடத்தில் ஏசி பராமரிப்பு மேற்பார்வையாளர் அவர். வாட்ச்மேன் முதல் மேல்மாடி முதலாளி வரை எல்லோருக்கும் காத்து சார். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

எந்த மாடியில் புழுங்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வருவார். கூரையில் காற்று வரும் ஓட்டைக்குக் கீழே உள்ளங்கையை நீட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு, காற்று நன்றாகத்தான் வருகிறது, உங்களுக்குத்தான் உடம்புச் சூடு என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போய்விடுவார். மூன்றாம் மாடிக் கணக்குப் பிரிவில் வருஷம் முழுக்கத் தும்மல். ஃபில்டரை மாற்றக் கூடாதா என்று அவர்கள் கேட்டால், கழுவி மாட்டினாலே புதுசு மாதிரிதான் என்பார். கழுவினாரா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

இப்படிப்பட்ட மனிதர் தன் காருக்கு மட்டும் தேடித் தேடிப் புது ஃபில்டர் வாங்கினார். காரணம் மச்சான்.

மனைவியின் தம்பி புதுக் கார் வாங்கியிருந்தான். ஒருநாள் மேம்பாலத்தில் காத்து சாரின் பழைய சாம்பல் நிறக் காரைத் தாண்டிப் போனான். தாண்டியதோடு போயிருந்தால் பரவாயில்லை. பக்கத்தில் வந்ததும் கண்ணாடியை இறக்கி, "என்ன அத்தான், வண்டி ரிப்பேரா? கூட வரட்டுமா?" என்று அக்கறையாகக் கேட்டான். காத்து சார் அப்போது ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவர் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். கம்பெனிக்காரன் கொடுக்கும் ஏர் ஃபில்டர் பெட்டி இன்ஜினின் கழுத்தை நெரிக்கிறது, அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கூம்பு போன்ற ஒரு சிவப்புப் பஞ்சு ஃபில்டரை மாட்டினால் கார் சிங்கமாகிவிடும் என்று வீடியோவில் வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எட்டு குதிரைத் திறன் கூடுமாம். மச்சான் இதைக் கேள்விப்பட்டு, ஏற்கெனவே இருக்கிற குதிரைகளுக்கே தீனி போதாமல்தானே அத்தான் வண்டி நடக்கிறது, இன்னும் எட்டை எங்கே கட்டப் போகிறீர்கள் என்று விசாரித்தான்.

சாப்பாட்டு மேஜையில் காத்து சார் பாடம் எடுத்தார். "மூக்கைப் பொத்திக்கிட்டு மாடிப்படி ஏறிப் பாரு. அப்பதான் அந்த வண்டி படுற பாடு தெரியும்."

மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. நாள் முழுக்கப் பெற்றோர்களின் சாக்குகளைக் கேட்டுப் பழகிய காது. தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஆபீஸ்ல மனுஷங்க தும்மிக்கிட்டே கிடக்கட்டும். காருக்கு மட்டும் நல்லா மூச்சு வரணும்."

இதில் மகளுடைய பாடு வேறு. படிப்பை முடித்துவிட்டு ஒரு வருஷத்துக்கும் மேலாக வீட்டில் இருந்தாள். அடுத்து என்ன என்று கேட்காத உறவு ஒன்றுகூட பாக்கியில்லை. கடைசியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை தகைந்தது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். காரை அவர்களே கொடுப்பார்கள். லைசென்ஸ் மட்டும் இருக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் அதைக் காட்டாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். டிரைவிங் டெஸ்ட் வியாழக்கிழமை. சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஓட்டிக் காட்ட வேண்டும்.

"அப்பா, வியாழக்கிழமை வரைக்கும் கார்ல எதையும் மாத்தாதீங்க. இதோட கிளட்ச் எனக்கு இப்பதான் பழகியிருக்கு," என்று கேட்டுக்கொண்டாள்.

நான் ஏன் கை வைக்கப் போகிறேன் என்றார் காத்து சார். ஞாயிற்றுக்கிழமை பார்சல் வந்தது. கை வைத்தார். அவள் சொன்னது கிளட்ச்சைத்தானே, ஃபில்டரை இல்லையே என்று பிறகு விளக்கம் கொடுத்தார்.

மாட்டுகிற வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நாலு திருகாணி, ரெண்டு கிளிப், தடித்த ரப்பர் குழாய் ஒன்று. காத்து சார் அதற்கு ஒரு பகல் முழுவதையும் எடுத்துக்கொண்டார். ஒரு கிளிப் உடைந்தது. ஒரு திருகாணி இன்ஜினுக்கு அடியில் எங்கேயோ விழுந்து, இன்றுவரை அங்கேயே குடியிருக்கிறது. பழைய கறுப்புப் பெட்டியைக் கழற்றியதும், அந்த வழியாக வந்த பழைய சாமான் வண்டிக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். இனி அது தேவைப்படாது என்பதில் அவருக்கு அவ்வளவு உறுதி.

புது ஃபில்டரோடு ஒரு சின்ன எண்ணெய் பாட்டிலும் வந்திருந்தது. அந்த ஃபில்டர் கம்பெனியிலேயே எண்ணெய் தடவித்தான் வரும். பல மாதம் ஓடி அழுக்கானதும் கழுவிக் காயவைத்து, மறுபடியும் லேசாகத் தடவத்தான் பாட்டில். காத்து சாருக்கு அது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டார். காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் இருந்த ஒன்றைச் சும்மா வைக்க அவருக்கு மனசு வராது. தலைக்கு வைப்பது போல உச்சியில் ஊற்றி, மடிப்பு மடிப்பாகத் தேய்த்து, பாட்டிலைக் கவிழ்த்து உதறிவிட்டுத்தான் மூடியைப் போட்டார். பிறகு ஃபில்டரை மாட்டி, சாவியைத் திருகினார்.

சத்தம் நன்றாகத்தான் இருந்தது. மிதிக்க மிதிக்க, வாயைத் திறந்துகொண்டு தூங்கும் பெருத்த ஆசாமியின் குறட்டை மாதிரி பானெட்டுக்குள்ளிருந்து ஒரு ஓசை வந்தது. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, சைலன்சர் விழுந்துவிட்டதா என்று கேட்டார். காத்து சார் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். தெருவைச் சுற்றி வந்து, வண்டி பறக்கிறது என்று அறிவித்தார். பின்னால் வந்த சைக்கிள்காரர் அவரைத் தாண்டிப் போனதை அவர் கவனிக்கவில்லை.

மறுநாளே கார் இரும ஆரம்பித்தது. அதிகப்படி எண்ணெய் காற்றோடு உள்ளே போய், எவ்வளவு காற்று வருகிறது என்று இன்ஜினுக்குச் சொல்லும் சென்சார் கம்பியின் மேல் படிந்துவிட்டது. எண்ணெய் பூசிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரோடு பார்ப்பது மாதிரி, அது வாய்க்கு வந்ததைச் சொல்ல, இன்ஜின் அதை நம்பியது. வேகமாகப் போகும்போது சமாளித்தது. மெதுவாக்கினால் வெட்டி வெட்டி இழுத்தது. நிறுத்தினால் அணைந்தது. மகள் பழகப் போய், மேம்பாலத்து ஏற்றத்தில் நாலு திசை ஹார்னையும் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

தெருமுனை மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றாள் மனைவி. அவனுக்குக் காற்றைப் பற்றி என்ன தெரியும் என்றார் காத்து சார். பழையதையே மாட்டிவிடலாம் என்றாள் மகள். அது பழைய சாமான் வண்டியில் போன விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. சரி, மாமா காரைக் கேட்கலாம் என்றாள். அங்கேதான் காத்து சாருக்குச் சுருக்கென்றது.

"அவன்கிட்டயா? இத்தனை நாள் ஓடாத வண்டியா இது? இன்ஜின் இப்பதான் நல்ல காத்தைப் பாக்குது. செட் ஆக நாலு நாள் ஆகும். நீ பதறாம ஓட்டு."

"எனக்கு நாலு நாள் இல்லப்பா," என்றாள் மகள். அவர் அதற்குள் டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

வியாழக்கிழமை டெஸ்ட் மைதானம் நிரம்பி வழிந்தது. ஓட்ட வந்தவர்களை விட ஓட்டுவதைப் பார்த்துச் சிரிக்க வந்தவர்கள் அதிகம். மகள் வளைவில் திரும்பிக் காட்டினாள். ரிவர்ஸ் எடுத்துக் காட்டினாள். கடைசியாகச் சிமெண்ட் மேடு. ஏற்றத்தின் நடுவில் கோடு போட்டிருந்தார்கள். அதில் நிறுத்தி, வண்டி பின்னால் நழுவாமல் மறுபடியும் கிளப்ப வேண்டும். நிறுத்தினாள். கார் அணைந்தது. கிளப்பினாள், குறட்டை விட்டது, மறுபடியும் அணைந்தது.

பரிசோதகர் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். வேலியோரம் நின்ற காத்து சாரைக் கூப்பிட்டு, தகராறு வண்டியிலா பெண்ணிடமா என்று கேட்டார்.

மைதானம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வண்டியில்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். காத்து சார் ஃபில்டர் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார், மகள் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"வண்டியில ஒரு குறையும் இல்ல சார்," என்றார்.

மகள் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுத்தாள். கதவைத் திறந்து இறங்கினாள். அழவில்லை. குரலும் உயரவில்லை. "அப்ப அப்பாவையே ஒரு தடவை ஏத்திக் காட்டச் சொல்லுங்க சார்."

பரிசோதகருக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. காலையிலிருந்து வெயிலில் நிற்பவர். காத்து சார் ஏறி உட்கார்ந்து, கூட்டத்துக்குக் கேட்கட்டும் என்று ஓங்கி மிதித்து, கோட்டுக்கு வந்து நிறுத்தினார். கார் அணைந்தது. சாவியைத் திருகிக்கொண்டே பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கார் பின்னால் நழுவி, எல்லைக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் டிரம்மைத் தட்டிவிட்டது. டிரம் மேட்டிலிருந்து உருண்டு, மைதானத்தைக் குறுக்கே கடந்து, பார்த்துச் சிரிக்க வந்தவர்களின் காலடியில் போய் நின்றது. கை தட்டினார்கள்.

"உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கா?" என்று பரிசோதகர் கேட்டார்.

பிறகு மகளிடம், மத்தியானத்துக்குள் ஓடுகிற வண்டியோடு வந்தால் மேடு மட்டும் மறுபடியும் பார்க்கலாம் என்றார். அவள் அப்பாவிடம் கேட்காமலே மாமாவுக்குப் போன் செய்தாள். மச்சான் வந்தான். மகள் இதுவரை தொட்டுப் பார்த்திராத கார். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, கிளட்ச்சை ரெண்டு தடவை மிதித்துப் பழகிவிட்டு ஏற்றினாள். கோட்டில் நின்றது. நின்ற இடத்திலிருந்து ஒரு விரற்கடைகூட நழுவாமல் கிளம்பியது. மூச்சுத் திணறும் வண்டியில் மூன்று நாள் அல்லாடியவளுக்கு நல்ல வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது.

மச்சான் அன்று ஒரு வார்த்தைகூடக் கேலி பேசவில்லை. காத்து சாருக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

ஆனால் மறுநாள் அலுவலகத்தில் அவர் சொன்ன கதையே வேறு. கஷ்டமான வண்டியில் வேண்டுமென்றே பழக விட்டாராம், அதனால்தான் பெண் ஒரே நாளில் பாஸாம், பயிற்சி என்றால் அப்படி இருக்க வேண்டுமாம். கணக்குப் பிரிவில் தும்மல்களுக்கு நடுவே வாழ்த்து சொன்னார்கள்.

மகள் திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள். லேபில் ஒரு வெள்ளைக் கார் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு நடந்து வந்தாள். வாசலில் கையில் திருப்புளியோடு நின்ற காத்து சார், கார் எங்கேம்மா என்றார். ராத்திரியில் லேபிலேயே விட்டுவிட வேண்டும், ரூல் என்றாள். அப்படி ஒரு ரூல் கிடையாது. கார் ரெண்டு தெரு தள்ளி ஒரு பேங்க் வாசலில் நின்றது. அம்மாவுக்குத் தெரியும். தினமும் அந்த ரெண்டு தெருவையும் மகள் சந்தோஷமாகவே நடந்தாள்.

ஒருநாள் கணவனும் மனைவியும் மருந்துக் கடைக்குப் போகிற வழியில் காத்து சார் பேங்க் வாசலில் அந்த வெள்ளைக் காருக்கு முன்னால் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். பானெட்டை ரெண்டு தட்டு தட்டினார். அதைத் திறக்கும் கொக்கி எங்கே என்று விளிம்புக்குக் கீழே விரலை விட்டுத் துழாவ ஆரம்பித்தார்.

"யாரு வண்டியோ. பாத்தாலே தெரியுது, மூச்சு முட்டிக்கிட்டு நிக்குது," என்றார்.

மனைவி அவர் முழங்கையைப் பிடித்தாள். "யாரு வண்டியோ இருக்கட்டும். நீங்க நடங்க," என்று சொல்லி, மருந்துக் கடை வரும்வரை அந்தக் கையை விடவேயில்லை.