ஆடிக் காற்றில் நனைந்த சுவர்

எங்கள் வீட்டில் படுக்கையறையிலிருந்து குளியலறை வரைக்கும் ஒரே சுவர். பதினான்கு அடி நீளம். என் மனைவி அதில் ஒன்பது இடத்தில் கைவைத்து நடப்பாள். சர்க்கரையில் ஒரு கண் போய்விட்டது; மறு கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். கம்பு வாங்கிக் கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டாள். சுவர் எங்கேயும் போய்விடாது என்பாள்.

அது காங்கிரீட் சுவர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு வீடு கட்டும்போது அடுத்த மனையில் பதினாறு விசைத்தறிகள் ஓடின. அந்த அதிர்வில் செங்கல் விரிசல் விட்டுவிடும் என்று பயந்து, அந்தப் பக்கத்தை மட்டும் கம்பி கட்டி வார்க்கச் சொன்னேன். வயர் போகிற குழாய்களும் அதற்குள்ளேயே புதைந்துவிட்டன.

போன ஆடி மாதம் சுவரின் மேல் மூலையில் ஈரம் தெரிந்தது. மழை பெய்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. ஈரத்தின் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு, நோட்டில் தேதி எழுதினேன். ஒன்பதாம் நாள் ஈரம் கோட்டைத் தாண்டி நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. பெயின்ட் பதினேழு இடத்தில் கொப்பளித்திருந்தது. கொத்தனாரிடம் சொல்ல வேண்டும் என்று ஆறு நாளாக நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், குளித்துவிட்டு வந்த மனைவி சொன்னாள்:

"ஏங்க, சுவத்துல கைய வச்சா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு. எறும்புன்னுதான் தட்டிவிட்டேன். ஒண்ணையும் காணோம்."

டெஸ்டரை எடுத்துவந்து ஈரத்தில் வைத்தேன். உள்ளே மங்கலாகச் சிவப்பு எரிந்தது. டெஸ்டரை அப்படியே போட்டுவிட்டேன். ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

வயரிங்காரர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு விளக்குக் கட்டப் போயிருந்தார். ஐந்து நாள் பொறுக்கச் சொன்னார். அவளுடைய இன்சுலின் ஃபிரிஜ்ஜில் இருந்ததால் மெயினை முழுக்க அணைத்து வைக்கவும் முடியவில்லை. அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். எழுந்திருக்கும் முன் அவள் என்னைக் கூப்பிட வேண்டும். நான் வாசலுக்குப் போய் மெயினை அணைப்பேன். அவள் போய்த் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்ததும் போடுவேன். முதல் நாள் பதின்மூன்று தடவை நடந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தாலும் காது அவள் பக்கமே இருந்தது. கட்டில் கிறீச்சிட்டாலே எழுந்து வாசலுக்கு ஓடினேன்.

இரண்டாம் நாள் கொத்தனார் வந்தார். எங்கள் தெருவில் பாதி வீடு அவர் பூசியது. சுவரை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

"மழைக்கு நனையுத சுவரு பாத்திருக்கேன் அண்ணாச்சி. ஒங்களுது ஆடிக் காத்துலயே நனையுது. கொடுத்து வச்ச சுவரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டைக் கொடுத்தேன். ஈரம் இறங்கிய நாட்களை ஒரு பக்கமும், குழாயில் தண்ணீர் வந்த நாட்களை வழக்கம்போல எதிர்ப் பக்கமும் எழுதியிருந்தேன். இரண்டையும் எழுதியவன் நான். சேர்த்துப் பார்த்தவர் அவர். தண்ணீர் வந்த நாளிலெல்லாம் ஈரமும் இறங்கியிருந்தது. தண்ணீர் வந்தால் என்ன செய்வேன் என்று கேட்டார்.

சொன்னேன். எட்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். கீழ்த்தொட்டி நிறைந்ததும் மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுவேன். தொட்டியில் இருந்த மிதவையைக் கழற்றிப் பல வருடம் ஆகிறது. நிறையும் முன்பே அடைத்துவிடுமோ என்று பயம். வழிகிற சத்தம் கேட்ட பிறகும் நூறு எண்ணிவிட்டுத்தான் நிறுத்துவேன். ஒரு குடம்கூடக் குறைந்துவிடக் கூடாது.

மறுநாள் தண்ணீர் வரும் நாள். எப்போதும் செய்கிறபடியே செய்யச் சொல்லிவிட்டு அவர் மாடியில் போய் நின்றார்.

மோட்டார் ஓட மெயின் இருந்தாக வேண்டும். என்ன ஆனாலும் எழுந்திருக்காதே என்று மனைவியிடம் மூன்று தடவை சொன்னேன். வாசலில் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டது. எண்ண ஆரம்பித்தேன்.

"நிறுத்தாதிய அண்ணாச்சி, ஓடட்டும்" என்று மேலிருந்து குரல் வந்தது.

அறுபத்து நான்கில் உள்ளே ஏதோ விழுந்தது. திரும்பினேன். சுவரில் தண்ணீர் பளபளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் அவள் தரையில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் பிடித்திருந்தாள். மெயினை இழுத்து அணைத்துவிட்டு ஓடினேன்.

"வெரலெல்லாம் மரத்துப் போச்சு" என்றாள்.

ஏன் எழுந்தாய் என்று கேட்டேன்.

"எத்தன தடவதான் ஒங்கள ஓட வைக்க? மூச்சு வாங்குதது எனக்குக் கேக்கும்லா."

கொத்தனார் உற்சாகமாக இறங்கி வந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, கை விரல்களை மடக்க வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில் ஒரு மயிரிழை விரிசல். தொட்டியிலிருந்து வழிகிற குழாய் சரியாக அதன்மேல் கொட்டுகிறது. தண்ணீர் விரிசலில் இறங்கி வயர்க் குழாய்க்குள் போகிறது.

"வேற யாரும் இல்ல அண்ணாச்சி. நீங்களேதான் ஊத்தியிருக்கிய" என்றார், மெதுவாக.

அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டாள்.

மூலையைக் கொத்தி, கசிவு தடுக்கும் மருந்து கலந்த சிமென்டால் அடைத்து, வளைவாகப் பூசினார்கள். வழிகிற குழாயைத் தெருப்பக்கம் நீட்டினார்கள். மிதவை திரும்பவும் வந்தது. வயரிங்காரர் அந்தச் சுவருக்குள் இருந்த இணைப்பை அடியோடு துண்டித்து, எதிர்ச் சுவரில் வெளியே தெரிகிற மாதிரி புது வயர் இழுத்தார். கரண்டு கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச் ஒன்றும் மாட்டினார்.

சுவர் காய இருபத்தாறு நாள் ஆனது. நீளம் முழுக்க டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் பயமில்லை, தைரியமாக நட என்று அவளிடம் சொன்னேன்.

அவள் படுக்கையறை வாசலில் நின்றாள். கை பாதி நீண்டு மடங்கிக்கொண்டது.

"மொதல்ல நீங்க வைங்க."

இத்தனை நாளும் நான் டெஸ்டரைத்தான் வைத்திருந்தேன், கையை வைத்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. விரல்கள் சுவருக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டன. கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன். சொரசொரப்பாக, குளிர்ந்திருந்தது. வேறொன்றும் இல்லை.

"வச்சாச்சா?"

"வச்சிருக்கேன்."

அவள் சுவரைத் தொடவில்லை. தடவித் தேடி என் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு, "ம், நடங்க" என்றாள்.