அத்தை ரேகை வைக்காத தாள்

ரேகை மைக்கு ஒரு வாசம் உண்டு. மண்ணெண்ணெயும் பழந்துணியும் கலந்தது போன்ற அந்த வாசம் எங்கே வந்தாலும் இன்றைக்கும் என் இரண்டு கைகளும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்விடுகின்றன. கடல் தாண்டிப் பிழைக்க வந்த சீமையில், பெக்கோக் என்ற ஊரிலிருந்து ஆறு மைல் உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், "கிராணி" அந்த வாசத்தோடு நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்கு வந்தால் ஏதோ ஒன்று எங்களை விட்டுப் போகப்போகிறது என்றுதான் பொருள்.

கிராணி என்பவர் தோட்டத்து ஆபீசில் துரைக்கு எழுத்து வேலை பார்த்தவர். தமிழர்தான், வாய் நிறையத் தமிழ் பேசுவார். ஆனால் எதையாவது மாற்றப்போகும் நாளில் அந்த ஒரு சொல்லை மட்டும் இங்கிலீஷில் சொல்வார். விடிகாலைப் "பெரட்டில்" ஆள்கள் வரிசையாக நிற்கும்போது லயத்தை "ரிப்பேர்" செய்யப்போவதாகச் சொன்னார். கூரைத் தகரத்தைக் கழற்றிப் போனவர்கள் மழைக்காலம் முடிந்த பிறகே திரும்பி வந்தார்கள். பாதையை "ஆல்டர்" பண்ணினார்கள். அன்றிலிருந்து கிணற்றுக்குப் போக மேட்டைச் சுற்ற வேண்டியதாயிற்று. அப்பா பால் வெட்டிய மரங்களை "அட்ஜஸ்ட்" செய்தபோது, அடிவாரத்து நல்ல மரங்கள் கங்காணியின் மைத்துனருக்கும் பாறைச் சரிவு எங்களுக்கும் வந்து சேர்ந்தன. கிராணி தமிழில் பேசினால் சேதி, இங்கிலீஷில் பேசினால் சேதம் என்று லயத்தில் ஒரு பேச்சே இருந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் தமக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷைப் பலகையில் தமிழ் எழுத்தில் எழுதிப்போட, நாங்கள் ராகம் போட்டுக் கத்துவோம். சேஞ்ச் என்றால் மாற்றுதல், ஆல்டர் என்றாலும் மாற்றுதல், கரெக்ட் என்றால் திருத்துதல், அமெண்ட் என்றாலும் திருத்துதல். ஒரே வேலைக்கு இத்தனை பெயர் எதற்கு என்று எனக்கு அப்போதே சந்தேகம். ஊருக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு திரிகிறவனை நம்பாதே என்று அம்மா சொல்வாள். அதே கண்ணோடுதான் அந்தச் சொற்களையும் பார்த்தேன்.

முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தது. அதிகப்படி ஆள்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே திருப்பி அனுப்பப் பட்டியல் போட்டார்கள். எங்கள் வீடு தப்பியது; அத்தையின் பெயர் மட்டும் வந்துவிட்டது. அத்தை அப்பாவின் தங்கை. பாவாடை கட்டுகிற வயதில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவளுக்கு அந்தக் கரையில் இப்போது ஒருவரும் இல்லை. மாமா காய்ச்சலில் போன பிறகு பிள்ளையில்லாத அத்தை எங்களோடுதான் இருந்தாள். ஆனால் ஆபீஸ் தாளில் அவள் தனிக்குடும்பம். என்னைப் பெற்றது அம்மா என்றாலும் தலை வாரிவிட்டதும், அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் கிடந்ததும் அத்தைதான். அவள் போய்விடுவாள் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா யாருக்கும் சொல்லாமல் கிராணியிடம் போய், தங்கையின் பெயரைத் தம் குடும்பத்தோடு சேர்த்துவிடும்படி கெஞ்சியிருக்கிறார். கைகூடும் முன்னே வெளியே சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மாவிடம்கூட அவர் மூச்சு விடவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் வேலை முடிந்து அப்பா பெக்கோக் கடைத்தெருவுக்கும் அம்மா துணி துவைக்க ஆற்றுக்கும் போயிருந்த நேரத்தில், கிராணி ஒரு தாளும் மைப்பெட்டியுமாக வந்து நின்றார். அவசரக்காரர், உட்காரவில்லை.

"லிஸ்ட்ட அமெண்ட் பண்ணணும்மா. தொர ஒத்துக்கிட்டாரு. ஒரு ரேக வச்சிரு" என்றார்.

அத்தை கையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கிராணியிடம் ஏன் எதற்கு என்று யாரும் கேட்டுப் பழக்கமில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீதான் படிக்கிறியே. அந்தச் சொல்லு நல்லதாடி, கெட்டதா?"

திருத்துதல் என்று எனக்குத் தெரியும். யாருக்காகத் திருத்துவார்கள் என்பதை வாத்தியார் பலகையில் எழுதவில்லையே! கூரையும் கிணறும் மரங்களும் என் கண்முன்னே வந்தன. இந்த முறை அத்தையையே கொண்டுபோகத்தான் வந்திருக்கிறார் என்று உறுதியாக நம்பினேன்.

"வேணாம் அத்தை, வைக்காதீங்க."

கிராணி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

மாலையில் திரும்பிய அப்பா விஷயம் கேட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பிறகு ஆபீசுக்கு ஓடினார். பட்டியல் தபாலில் போய்விட்டது. துரை ஒருமுறைதான் இறங்கிவருவார் என்று கிராணி கையை விரித்துவிட்டார். அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பத்தாம் நாள் பெக்கோக் ஸ்டேஷனில் ரயில் வந்தது. ஒரு தகரப்பெட்டியும் சுருட்டிய பாயுமாக நின்ற அத்தை, ஏறுவதற்கு முன் என் சடையை அவிழ்த்து மறுபடி இறுக்கிப் பின்னிவிட்டாள்.

"நீ சொல்லலேன்னாலும் நான் வச்சிருக்க மாட்டேன்டி" என்றாள்.

அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, யாரோ எழுதிக் கொடுத்தது. அதன்பின் ஒன்றுமில்லை.

இப்போது நான் தெப்ரா என்ற ஊரில் மகள் வீட்டில் இருக்கிறேன். தோட்டத்தில் ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது, லயமும் இல்லை, பெரட்டும் இல்லை, கிராணி என்ற சொல்லைப் பேரப்பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. போன மாதம் பேங்கில் ஒரு பெண்பிள்ளை சிரித்த முகத்தோடு, "அப்டேட் பண்ணணும் லா, பாட்டி" என்று தாளை நீட்டியது. மூன்று முறை வாசித்து, யாருக்காக என்று நாலு முறை கேட்டு, பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிய பிறகே கையெழுத்துப் போட்டேன். மகளுக்கு என்மேல் கோபம். போகட்டும், கேட்காமல் விட்டதன் விலை எனக்குத் தெரியும்.

நான் தடுக்காவிட்டாலும் ரேகை வைத்திருக்க மாட்டாள் என்பதை அத்தை ஸ்டேஷனில் தமிழில்தான் சொன்னாள். இன்றுவரை நான் அதை நம்பவில்லை.