சவரக் கத்தியின் கீழே ஒரு வாசகர் கடிதம்

முடிவெட்டும் தொழிலில் முதல் சட்டம்: கழுத்தில் கத்தி இருக்கும்போது யாரையும் சிரிக்க வைக்கக் கூடாது. ஆகவே வாசகர்களே, உங்களைச் சிரிக்க வைப்பது என் பொறுப்பு, ஆனால் இப்போதே இல்லை. முதலில் தரையில் கிடக்கும் முடியைக் கூட்ட வேண்டும், துண்டு அலச வேண்டும், மாமாவுக்குக் கோப்பி வாங்கி வர வேண்டும். சொந்தக்காரர் கடைக்குச் சனிக்கிழமைத் தூக்கத்தைப் பறிகொடுத்தவர் உங்களில் யாராவது இருந்தால் என் வலி புரியும்.

மலேசியாவில் பள்ளிப் படிப்பை முடிக்கும் எஸ்.பி.எம். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறேன். கோலா சிலாங்கூரில் மாமா நடத்தும் கடையில் எனக்கு ஒரே தகுதி, எந்தக் குரலையும் செய்வேன். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர், கைப்பேசியில் மூச்சு விடாமல் செய்தி சொல்லும் அக்கா, மேடையில் தொண்டை கிழியக் கத்தும் தலைவர், எல்லாரும் என் வாயில்தான் குடியிருக்கிறார்கள்.

கண்ணாடி கழற்றிய பிறகு

நாற்காலியில் உட்கார்ந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித்தானே ஆக வேண்டும்? கழற்றினால் நாளிதழ் வெறும் சாம்பல் நிறத் தாள். அதனால் வாசித்துக் காட்டும் வேலை எனக்கு வந்தது. முக்கிய வாடிக்கையாளர் கிராணி ஐயா. செம்பனைத் தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அப்பா பேச்சும் பள்ளியில் வாத்தியார் பேச்சும் எடுபட வேண்டும் என்பது அவர் கட்சி. அப்படி நினைப்பவர்களைப் பத்திரிகைக்காரர்கள் மனிதராகவே மதிப்பதில்லை என்பது அவர் வழக்கு.

ஒருநாள் தோட்டத்துக்குப் போகும் சாலையைப் பற்றிய செய்தி. வேண்டுமென்றே இரண்டு முறை வாசித்தேன். தொலைக்காட்சிக் குரலில்: "பத்துப் பள்ளங்களில் நான்கு வெற்றிகரமாக மூடப்பட்டன." கைப்பேசி அக்கா குரலில்: "பத்துல ஆறு பள்ளம் இன்னும் வாயைப் பொளந்துகிட்டு கெடக்கு, மக்களே!" மாமாவின் கத்தரிக்கோல் நின்றது. கிராணி ஐயா கண்ணை மூடியபடியே சொன்னார்: "ரெண்டு பேரும் பொய் சொல்லலடா. எவன் எதை மொதல்ல சொல்றான்னு பாரு, அவன் யாரு வீட்டுச் சோறு திங்கிறான்னு தெரிஞ்சிடும்."

தலைவர் இருமினார்

லோரி ஓட்டும் சரவணன் அண்ணனுக்குத் தன் கட்சித் தலைவர் பேசுவது மட்டும்தான் செய்தி. மற்றதெல்லாம் யாரோ சொல்லிக் கொடுத்து எழுதியது. ஒரு வாரம், எதிர்க்கட்சித் தலைவரின் பேச்சை எடுத்து, அண்ணனுடைய தலைவரின் குரலில், அதே இருமலோடு வாசித்தேன். முகமெல்லாம் சோப்பு நுரையோடு அண்ணன் இரண்டு முறை கைதட்டினார். நுரை என் சட்டையில் தெறித்தது.

சவரம் முடிந்து, கத்தி மேசைக்குப் போன பிறகு உண்மையைச் சொன்னேன். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "அப்படின்னா எங்க தலைவர் பேச்சை அவன் திருடிட்டான் லா!"

வரவே வராத கடிதம்

கிராணி ஐயா ஆறு மாதமாக நாளிதழுக்கு வாசகர் கடிதம் எழுதி வந்தார். ஒன்றும் வெளிவரவில்லை. கடைசியாக ஒன்றை என்னிடம் கொடுத்து, கைப்பேசியில் தட்டி அனுப்பச் சொன்னார். "இதுவும் வரலைன்னா இனிமே பேனாவைத் தொடமாட்டேன்டா. எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லன்னு நெனச்சிக்கிறேன்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை நாளிதழைப் பிரித்தேன். உள்பக்கத்தில் ஒரு மூலையில், அவர் பெயரோடு, ஒரு வரிகூட வெட்டாமல் கடிதம் வந்திருந்தது! அவரோ கண்ணாடி இல்லாமல், தாடையில் நுரையோடு உட்கார்ந்திருக்கிறார்.

"வந்துச்சாடா?"

"வரல ஐயா. யாரோ யுனிவர்சிட்டி படிக்கிற அக்கா எழுதினதைப் போட்டிருக்காங்க."

அவர் தோள் இறங்கிவிட்டது. "அதானே. நம்மள மாதிரி ஆளுக்கு எங்க எடம்? சரி, படி. என்னதான் ஒளறியிருக்கான்னு பாப்போம்."

மூக்கால் பேசும் பட்டணத்து அக்கா குரலை எடுத்தேன். "பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வேப் மின்சிகரெட் கடைக்கு அனுமதி தரக் கூடாது."

"மொத கஸ்டமரே இவளாத்தான் இருப்பா!"

"செய்தியாளர் நடந்ததை மட்டும் எழுதட்டும். தீர்ப்பை வாசகரே எழுதிக்கொள்வார்."

"எவனோ பெரிய ஆளு எழுதிக் குடுத்திருக்கான். இவளுக்கு ஏது இம்புட்டு மூளை?"

மாமா கத்தியை மடக்கி வைத்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். நான் விடவில்லை.

"உழைக்க முடியாதவருக்கு அரசாங்கம் உதவட்டும். உடம்பு நன்றாக இருப்பவருக்கு வேலை கொடுக்கட்டும். பெரட்டில் நிற்காதவனுக்குப் பேர் போடுவது, நின்றவனுக்குச் செய்யும் துரோகம்."

"இதெல்லாம் சும்மா வாய்ப்..." பாதியில் நிறுத்திவிட்டார்.

பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவது. பல வருஷம் அந்தப் பேரைக் கூப்பிட்டவரே அவர்தான்.

"டேய். பெரட்டைப் பத்தி யுனிவர்சிட்டி புள்ளைக்கு என்னாடா தெரியும்?"

அவர் மூக்குக் கண்ணாடியையும் நாளிதழையும் நீட்டினேன். நுரைமேலேயே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் பெயரை விரலால் தடவி ஒருமுறை படித்தார். இன்னொரு முறை படித்தார். மாமா அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்து வெடித்துச் சிரிக்க, கிராணி ஐயாவும் நுரை பறக்கச் சிரித்துக்கொண்டே என் காதைத் திருகினார்: "எழுதினவனும் யோக்கியன், போட்டவனும் யோக்கியன். படிச்ச நீயும் கேட்ட நானுந்தான்டா ஒருதலைப்பட்சம்!"

ஓட்டுப் போட எனக்கு இன்னும் வயசு வரவில்லை, ஆனால் ஒரு பெரியவரை ஒரே சவரத்தில் கட்சி மாற வைத்து, பத்திரமாகத் திரும்பவும் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன்.