தகரக் கூரையின் கீழ் ஒரு நாடகம்

கல்யாணமான இரண்டாம் வருஷம், ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நானும் என் மனைவியும் நாடகம் பார்க்கப் பட்டணம் போனோம். ஐம்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். அப்போது நான் செங்கல்பட்டில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அவள் சதுரங்கப்பட்டினத்துப் பெண். பதினொரு வயதில் வந்த விஷக்காய்ச்சலில் இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டன. பேச்சு மட்டும் தங்கியது. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்வாள். ஆனால் தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. ஒருமுறை கடைத்தெருவில் அவள் கத்தரிக்காய் விலை கேட்டதற்குத் தெருவே திரும்பிப் பார்த்தது. அதன்பிறகு வாசற்படி தாண்டினால் பிறர் எதிரில் வாயைத் திறக்கமாட்டாள். மாமல்லபுரம் போனால் மட்டும் பேசுவாள். அங்கே அலைக்கும் காற்றுக்கும் நடுவில் எல்லாருமே கத்தித்தான் பேசவேண்டும்.

பட்டணத்தில் அந்த வாரம் இரண்டு நாடகங்கள். நோட்டீஸ்களை ஆபீஸ் நண்பர் ஒருவர் வாங்கிவந்து கொடுத்திருந்தார். ஒன்று ராஜா கதை, வசனத்துக்குப் பேர்போனது. நான் அதைத்தான் நினைத்திருந்தேன். அவள் நோட்டீஸிலிருந்த ராஜாவின் படத்தை விளக்கருகே பிடித்துப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, இத்தனாம் பெரிய மீசை? இவனுக்கு வாய் எங்க கீது?"

அதோடு ராஜா போனார். மழமழவென்று சவரம் செய்த கதாநாயகன் நடித்த குடும்பக் கதை நிலைத்தது. பகல் மூன்று மணி ஆட்டம், மூன்றாவது வரிசை நாற்காலி.

பட்டணத்தில் இறங்கியதும், ஆட்டம் முடிந்து எங்கே சாப்பிடுவது என்பதையும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும் என்றாள். கொட்டகைக்குப் பக்கத்திலேயே ஒரு மிலிட்டரி ஓட்டல் இருந்தது. பிரியாணி வாசனை தெருமுனைவரை வந்தது. எனக்கு ஆசைதான். அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஆளில்லாத தெருவோரமாக என்னைத் தள்ளிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னாள்: "ஒரே இருட்டா கீது. உங்க வாயே தெரியாது. நான் யாரோட பேசறது?" நாலு கடை தள்ளி, ட்யூப்லைட் போட்ட சைவ ஓட்டல் ஒன்று பால்போல் வெளுத்துக் கிடந்தது. அங்கேயே என்று முடிவாயிற்று.

நாடகத்தில், பர்மாவுக்குப் போன அண்ணன் இறந்துவிட்டான் என்று ஊரே நம்புகிறது. பத்து வருஷம் கழித்து அவன் திரும்பி வந்து, யாரென்று சொல்லாமல் தங்கை வீட்டு வாசலில் நிற்கிறான். கதை அந்த இடத்துக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைக்குத் தகரக் கூரை. முதலில் யாரோ தலைக்குமேல் அரிசி கொட்டுவதுபோல இருந்தது. பிறகு தனியாக எந்தச் சத்தமும் இல்லை. உலகமே ஒரே இரைச்சலாகிவிட்டது. மேடையில் மஞ்சள் வெளிச்சத்தில் மனிதர்கள் வாயசைத்தார்கள், கைகூப்பினார்கள், அழுதார்கள். தண்ணீருக்கு அடியில் நடக்கும் நாடகம்போல இருந்தது. பின்வரிசைகளில் எழுந்திருக்க ஆரம்பித்தார்கள். நானும் போகலாமா என்று அவள் பக்கம் திரும்பினேன்.

அவள் மேடையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கு எதுவும் மாறவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "இன்னா சொல்றான்?" என்று அவள் தோளைத் தொட்டுக் கேட்டேன்.

"தண்ணி கேக்கறான். அவ சொம்பு எடுத்துகினு வரா. முகத்தப் பாக்கல." என் காதருகே குனிந்து சொன்னாள். இரைச்சலில் பாதிதான் எட்டியது என்று தலையாட்டினேன். குரலை உயர்த்தினாள். இன்னும் உயர்த்தினாள். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பின்வரிசை அம்மாள் முன்னால் சாய்ந்தாள். பக்கத்து நாற்காலிக்காரரும் நகர்ந்துவந்தார். சிறிது நேரத்தில் எங்களைச் சுற்றிப் பத்துப் பதினைந்து தலைகள். அவள் அண்ணனாகவும் பேசினாள், தங்கையாகவும் பேசினாள். வீட்டில்கூட அந்தக் குரலை நான் முழுசாகக் கேட்டதில்லை. பின்னால் அந்த அம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

மழை ஒரே நொடியில் நின்றது. அவளுக்கு அது தெரியவில்லை. கையைத் தொட்டுச் சொல்லியிருக்கலாம். நான் தொடவில்லை. அண்ணன் எங்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தான். நிசப்தமான கொட்டகையில் அவள் குரல் கணீரென்று எழுந்தது:

"உன் கையால ஒரு வாய் சோறு போடும்மா, நான் போயிடறேன்!"

நடிகர் திரும்பிப் பார்த்தார். கொட்டகையே திரும்பிப் பார்த்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுருண்டுபோனாள். பின்வரிசை அம்மாள் அவளைத் தட்டித் திருப்பினாள்.

"இன்னாத்துக்கும்மா நிறுத்திட்டே? நீ சொல்றதுதான் எனுக்கு நல்லாப் புரியுது. அந்தாளு இன்னாவோ முணுமுணுக்கறான்."

சிவந்த அந்த உதடுகளை அவள் ஒருகணம் உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

ஆட்டம் முடிந்ததும் நனைந்த தெருவில் நடந்து ஓட்டலுக்குப் போனோம். பூரி கிழங்கு, ரவா தோசை. பூரியைப் பிய்த்தபடி கேட்டேன்: "அவன் திரும்பி நின்னுகினு இருந்தானே, சோறு கேட்டது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியல. நானே சொன்னேன்."

"நீயேவா?"

"பாதி நேரம் அவன் முதுகுதான் தெரிஞ்சுது. நீங்க அத்தனை பேரும் என் மூஞ்சியவே பாத்துகினு கீறீங்க. நான் இன்னா பண்றது?"

எனக்குப் புரையேறிவிட்டது. பரிமாறுபவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நடிகர் உண்மையில் என்ன கேட்டார் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. "பத்து வருஷம் கழிச்சு வூட்டுக்கு வந்தவன் வேற இன்னா கேப்பான்?" என்று அவள் தோசையைப் பார்த்தபடி சொன்னாள்.

செங்கல்பட்டு பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அண்ணனை மறுபடி பர்மாவுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தாள். எதிர்ப்பலகையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். வெளியே ஏரிகள் நிரம்பி, தண்ணீரும் வானமும் இருட்டில் ஒன்றாகிக்கொண்டிருந்தன.

மறுமாதம் அதே நாடகம் மறுபடி போடுகிறார்கள் என்று தெரிந்தது. மழையில்லாத நாளாகப் பார்த்துப் போய் முழுசாகக் கேட்டுவரலாமா என்று கேட்டேன்.

"வேணாங்க," என்றாள். "அவங்க கெடுத்துடுவாங்க."